மா.வ. 7

உன் மனைவி கடலூரிலிருந்து அனுப்பிய பெட்டியை இன்று காலை திறந்தேன். உள்ளே கண்ணாடி ஸ்லைடுகள். ஓரத்தில் என் எழுத்து: மா.வ. 7. சிவப்புச் சாயம் இன்னும் வெளிறவில்லை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

சிதம்பரத்தில் நாம் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த வருடம், குமராட்சியில் என் மாமாவின் நெல் வயலைப் புகையான் பூச்சி வட்டம் வட்டமாகக் காயவைத்திருந்தது. காய்ந்த நெல் தூரை வேரோடு பிடுங்கி வரப் போனேன்.

"எரிஞ்சி போனதுல என்னம்மா பாக்கப் போற?"

"எங்க வாய வெக்கிதுன்னு பாக்கணும் மாமா."

"பாத்து எனக்கும் சொல்லு."

மினிபஸ்ஸில் ஈரச் சாக்கோடு வந்து, பிளேடால் தண்டைச் சீவிச் சீவி என் விரலெல்லாம் வெட்டு. நீ மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாய். "செவப்பா தெரியிதே, சைலம்தான். தண்ணியத்தான் குடிக்கிது" என்றாய். சிவப்பாக இருந்ததெல்லாம் உனக்குத் தண்ணீர்க் குழாய். அது பூச்சி ஊசி வாயைச் செருகும்போது விடும் எச்சில் உறைந்த தடம், அதுவும் அதே சாயத்தை ஏற்கும் என்று நான்தான் காட்டினேன். அந்தச் சிவப்புக் கோடு சைலம் வரை போகவே இல்லை. முன்னாலேயே, இலை சமைத்த சர்க்கரைச் சாறு ஓடும் புளோயத்தில் முடிந்திருந்தது.

கருத்தரங்கில் அதை நீ கண்டுபிடித்ததாகச் சொன்னாய். நான் கடைசி வரிசையில் இருந்தேன். திரையில் நீ காட்டிய ஸ்லைடின் ஓரத்து எழுத்தைப் பார்த்து யாரோ கேட்டார்: "மா.வ.ன்னா என்ன சார்?"

ஒரு கணம் விழித்தாய். "மாதிரி வரிசைங்க."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். வெளியே வந்து, "கோச்சிக்காத, ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதான?" என்றாய். நான் தலையாட்டினேன். அதற்காக உன்னைவிட என்னையே அதிகம் வெறுக்கிறேன்.

"ஒன் பேரப் போட்டாங்களா?" என்று மாமா கேட்டார். போட்டார்கள் என்றேன். அவரும் இப்போது இல்லை.

நீ பாடம் எடுத்த வகுப்புகளின் வழியாக அந்த எழுத்துகள் பரவிவிட்டன. இன்று என் மாணவி ஒருத்தி நீட்டிய ஸ்லைடிலும் மா.வ. என்றே இருந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"மாதிரி வரிசை மேடம்."

"இல்லம்மா. மாமா வயல்."

இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சொல்லிவிட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.