கண்ணாடிக்கு உள்ளே அமைதி

பதிவு 1. 2063 மார்ச் 3, 07:10
இடம்: பதினான்காம் மாடி, மாதிரி வீடு. பதிபவர்: பிலோமினா, ஒலியியல் பொறியாளர். இன்னும் யாரும் குடிவராத கட்டடம். ஐந்து நாள் தங்கி அளக்க வேண்டும். வெளியே பன்னிரண்டு வழிச் சாலை: 86 டெசிபல். வீட்டுக்குள்: 24. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் ஒரு அதிர்வி இருக்கிறது. வரும் ஒலிக்கு நேர் எதிரான அலையை எழுப்பி அதை அழிக்கிறது. எல்லாம் சீராக இயங்குகிறது.

பதிவு 2. மார்ச் 4, 16:20
நான் கொடுத்த வரைபடத்தில் இந்தக் கண்ணாடியே கிடையாது. சாலைப் பக்கம் குளியலறை, சமையலறை, மாடிப்படி. படுக்கையறைகள் பின்புறம். ஆழமான பால்கனி, அதன் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை. அதிர்வி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கட்டுமான நிறுவனச் சேர்மன் ரிஷிகேஷ் அதை நாற்பது நொடி பார்த்தார். "ரோட் வியூவ விக்கணும் மேடம். பாத்ரூமையா காட்டுறது?" லாரி பார்க்கக் கூட்டம் வரும் என்று நம்பும் மூளை.

பதிவு 3. மார்ச் 5, 11:05
எதிரே உள்ள பள்ளியில் அளந்தேன். கட்டடம் எழும்புமுன் 71. இப்போது 74. தட்டையான கண்ணாடி சத்தத்தை அங்கே திருப்பி அடிக்கிறது. சாலையில் வண்டிகள் இரட்டிப்பானதற்குச் சமம். சேர்மனுக்குச் சொன்னேன். "ஸ்கூல்காரங்க நம்ம கஸ்டமரா?" அந்தக் கேள்வியையும் அளவுகளோடு பதிவில் சேர்க்கிறேன்.

பதிவு 4. மார்ச் 6, 15:40
இதே மாடியில் அடுத்த வீட்டுக் கண்ணாடி ஆடுகிறது. லாரி உறுமலை அழிக்க அதிர்வி ஓயாமல் உலுக்கியதில் கண்ணாடியைப் பிடித்திருந்த ரப்பர் பட்டை பிதுங்கி வெளியே வந்துவிட்டது. விரலால் தள்ளினேன், நான்கு மில்லிமீட்டர் நகர்ந்தது. நாளைய திறப்பு விழாவை நிறுத்தச் சொல்லிச் சேர்மனுக்கு அறிக்கை அனுப்பினேன். பதிலாகக் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது.

பதிவு 5. மார்ச் 7, 09:32
விழாப் பந்தலை அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே போட்டிருக்கிறார்கள். வேறு இடமே கிடைக்கவில்லை போலும். வாக்கி டாக்கியில், கீழே நிற்கும் சூப்பர்வைசர் தணிகாசலம்: "நீங்க சொன்னத சேர்மன்கிட்ட அப்படியே சொல்ட்டேன்மா. ரிப்பன் வெட்டட்டும், அப்பால பாக்கலாம்ங்கறாரு."
நான்: "அண்ணே, கண்ணாடி விழப்போவுது. ஆளுங்கள வெளிய அனுப்புங்க."
"அவர் கெடக்காரு. நா நவுத்துறேன்."

09:41
மேல் மூலை விலகிவிட்டது. இந்த மாடி அதிர்விகளின் ஸ்விட்சை அணைத்தேன். சாலை மொத்தமும் வீட்டுக்குள் புகுந்தது. உடனே வாக்கியில் சேர்மன்: "யாருய்யா ஆஃப் பண்ணது? மேல வீடு பாக்க பையர்ஸ் வந்துட்டிருக்காங்க!"

09:44
தணிகாசலம் கைகளை விரித்துக் கத்திக் கத்தி எல்லோரையும் பந்தலிலிருந்து விரட்டுகிறார். ஓடுகிறார்கள். ஒரு கிழவருக்கு நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அவரைத் தூக்கி வெளியே தள்ளிவிட்டார்.
கண்ணாடி போய்விட்டது.
அண்ணன் வெளியே வரவில்லை.

09:49
கீழே அலுவலகத்திலிருந்து யாரோ எல்லா மாடிகளுக்கும் மறுபடி மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். இங்கிருந்து அணைக்க முடியவில்லை. கிழிந்த பந்தலுக்கு அடியில் ஒரு பெண் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து கதறுகிறாள். கேட்கவில்லை. எனக்கு எதுவுமே கேட்கவில்லை.
வாக்கியில் சேர்மன்: "மேடம், இப்ப ஓகேவா? உள்ள ஒண்ணும் கேக்கலல்ல?"
என் கருவித் திரையில், பந்தலுக்கு நேர் மேலிருக்கும் பத்தாம் மாடிக் கண்ணாடியும் நடுங்குகிறது. அந்தப் பெண் இன்னும் அங்கேயேதான் உட்—