உறைந்து உருகிய குப்பி

இன்று புதன்கிழமை. தடுப்பூசிப் பெட்டிக்கான ஐஸ் பேக்குகளை மேசைமேல் பரப்பி, அவற்றின்மேல் நீர் வியர்க்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் மருந்தோடு வைக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் நர்ஸ், "டிகிரி காட்டுற கருவிதான் இருக்கேக்கா, இன்னும் எதுக்கு இப்பிடி?" என்று சிரித்தாள். கருவியை நான் நம்பவில்லை. முகாம் முகாமாக என்னோடு வந்து ஊசி போட்ட நீ இன்று இருந்திருந்தால், அந்தப் பெண்ணையே நம்பியிருக்க மாட்டாய்.

சந்தேகம் உன் பிறவிக் குணம். டீக்கடைப் பால், பஸ் நேரம், சம்பந்தி வீட்டாரின் இனிய பேச்சு, எதையும் நம்ப மாட்டாய். எல்லாவற்றையும்விட ஐஸ்மேல்தான் உனக்குச் சந்தேகம் அதிகம். பயிற்சி வகுப்பில் உறைந்து உருகிய மருந்தின் மைக்ரோஸ்கோப் படம் காட்டிய நாளிலிருந்தே அப்படி. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள நான்கோடு கைகோத்து, அறுகோணம் அறுகோணமாகக் கட்டிக்கொள்ளும். நடுவில் வெற்றிடம் கிடந்தாலும் வேற்றாளைச் சேர்க்காது. மருந்தைச் சுமக்கும் நுண்துகள்களை ஓரமாகத் தள்ளி நெருக்கிவிடும். உருகும்போது தண்ணீர் கையை விட்டுவிடும். நெருங்கி ஒட்டிய துகள்கள் பிரியாது. குப்பியை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பழையபடியே தெரியும்.

"செய்யிறதையும் செஞ்சுட்டு அப்பாவி மாதிரி தண்ணியா நிக்கும்டி" என்றாய்.

அன்று உப்பூர்ப் பக்கம் மீன் ஏலக் கொட்டகையில் முகாம். பெட்டியைக் கொண்டுவந்தவள் நான். மற்ற தாய்மாருக்குத் தைரியம் வரட்டும் என்று என் மகனையே முதலில் மடியில் வைத்து உட்கார்ந்தேன். முத்தடுப்பு ஊசிக் குப்பியைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்து, துகள்கள் அடியில் இறங்கும் வேகத்தைப் பார்த்தாய். கீழே வைத்துவிட்டாய்.

"இதை நான் போட மாட்டேன்."

எனக்கு முகம் எரிந்தது. "என் பெட்டியவா சந்தேகப்படுற? காதுல வச்சுக் கேட்டுத்தானே அடுக்குனேன்?"

பின்னால் நின்ற பெண், "மீனுக்கு ஐஸ் வச்சா நல்லது, மருந்துக்கு மட்டும் ஆகாதாக்கும்?" என்றாள்.

"மீனுக்கு மேலதானத்தா வைக்கிறோம்? மீனே கட்டியா உறைஞ்சு உருகுனா சதை தொளதொளன்னு போயிருமில்ல. அது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. ஊசி போட்ட வடு இருக்கும், பிள்ளைக்குக் காவல் இருக்காது. அடுத்த புதன் வாரேன், எல்லாரும் இங்கனயே வாங்க."

பஸ்ஸில் உன் பக்கத்தில் நான் உட்காரவில்லை. ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாய் என்றுதான் மனம் கொதித்தது.

அதே தொகுப்பில் இன்னொரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, மறுநாள் உருக்கினாய். அதையும் என் பெட்டிக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். இரண்டிலும் துகள்கள் ஒரே வேகத்தில் அடியில் படிந்தன. என் பெட்டி மருந்தும் எங்கோ உறைந்துதான் இருந்திருக்கிறது. பெட்டியிலா, பிரிட்ஜிலா, நம்மிடம் வருமுன் வழியிலா? கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பழைய பிரிட்ஜின் பின்சுவர்மேல் எனக்கு இன்றும் சந்தேகம்.

"உன்னையச் சொல்லலடி. ஐஸைத்தான் சொன்னேன்" என்றாய். அடுத்த புதன் வேறு மருந்து வந்தது. நீயே என் மகனுக்கு ஊசி போட்டாய். கொட்டகை அதிர அழுதான்.

இத்தனையையும் சந்தேகப்பட்ட நீ, உன் உடம்பு சொன்ன பொய்யை மட்டும் நம்பிவிட்டாயே. பல வருடம் கழித்து ஒரு முகாம் முடிந்ததும் நெஞ்சை நீவிக்கொண்டு உட்கார்ந்தாய். வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"வெறும் வாய்வுடி. மோர் குடிச்சாச் சரியாயிரும். நான் வீட்டுக்குப் போறேன்."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். சாப்பிடும்போது தோளைப் பிடித்துக்கொண்டாள். கேட்டதற்கு, "வாய்வுதான் சித்தி" என்றாள். பாதிச் சாப்பாட்டில் எழுப்பி ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், நிஜமாகவே வாய்வுதான் என்றார். அவரை நான் நம்பவில்லை. அவளை இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.