வேறு நாடு என்று சொல்லாத மனிதருக்கு

மாஸ்ட்ரோ, பல்லரோச் சந்தையில் இன்று, காக்கி என்று இங்கே சொல்லும் பழம் வந்துவிட்டது. தக்காளிபோலச் சிவந்து கனிந்த அந்தப் பழத்தைத்தான் உங்கள் அம்மாவுக்குப் படைப்பீர்கள். பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னும் முடியாத சண்டை ஒன்று நமக்குள் கிடக்கிறது.

கொரியாவில் போர் மூண்டபோது அப்பாவின் முதுகில் தெற்கே வந்த குழந்தை நீங்கள். அம்மா வடக்கில் நின்றுவிட்டார், எல்லை மூடிவிட்டது. பிறகு பாட்டுப் படிக்க இத்தாலிக்கு வந்து, நாடகக் கோரஸில் பாடி ஓய்ந்தீர்கள். அதனால் ஒரேத்தோ தெருவில் எங்கள் கட்டடம் முழுக்க உங்களை மாஸ்ட்ரோ என்றது. கீழ்வீட்டில் நான், வீட்டு வேலைக்குப் போகும் யாழ்ப்பாணத்து ஆள்.

அம்மா இறந்த நாள் தெரியாததால் அவருடைய பிறந்தநாளிலேயே படையல் வைப்பீர்கள். வடக்கு ஜன்னலைத் திறப்பீர்கள். கொரியா அந்தப் பக்கமில்லையே என்றால், "வடக்கு என்றால் வடக்குத்தான்" என்பீர்கள்.

சண்டை இத்தாலிய மொழியில்தான் நடந்தது. நினைவில் நிற்பதோ என் தமிழ்.

"ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் நாடு எண்டு ஒத்துக்கொண்டா என்ன குறையுது? தூதரகம் திறப்பினம், விசா தருவினம். நீங்களும் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரலாம்தானே?"

"என் அம்மாவின் வீட்டுக்குப் போக எனக்கு எதற்கு விசா?"

விசா இல்லாமலும் நீங்கள் போய்க் கிழித்ததில்லை! உங்களோடு கதைப்பதைவிடக் கல்லில் நார் உரிக்கலாம். நாடென்று எவரும் ஏற்காத ஒரு கனவுக்காக இளமையில் ஊர்வலம் போனவன் நான். "உனக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதனால் அதை மருந்து என்று நினைக்கிறாய்" என்று என் வாயை அடைத்தீர்கள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. தெற்கு இனி வேறு நாடு, பகை நாடு என்று வட கொரியாவே அறிவித்துவிட்டது. நான் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு மேலே ஓடி வந்தேன். "பகையெண்டாலும் நாடெண்டு சொல்லிப்போட்டினம். வாழ்த்துக்கள் மாஸ்ட்ரோ!"

தட்டைப் பிடித்தபடி நின்றீர்கள். "யாருக்கு வாழ்த்து? என் அம்மாவை வெளிநாட்டுக்காரி ஆக்கிவிட்டார்கள்." கேசரியை அப்படியே திருப்பித் தந்தீர்கள். எனக்கும் ஆத்திரம். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தே எங்களில் எத்தனை பேர் செத்தார்கள்! இவருக்கு வலிய வந்ததை வேண்டாம் என்கிறாரே என்று படியிறங்கினேன்.

நீங்கள் போனபின் சாம்பலை எடுத்துப்போக சியோலிலிருந்து மருமகள் முறையான பெண் வந்தாள். நல்ல பிள்ளை. விமான நிலைய பஸ்ஸுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தேன். "எல்லைக்கு அங்காலை, அவர் பிறந்த ஊரிலை கரைக்க ஏலாதோ, பிள்ளை?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அங்கிள், அது வேறு நாடு" என்றாள், சாதாரணமாக.

எங்களைப் பற்றி எந்த வாயாவது சொல்லாதா என்று வாழ்நாளெல்லாம் நான் ஏங்கிய வசனம் அது. கேட்டதும் உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. "இல்லைப் பிள்ளை! அது அவரின்ரை அம்மா வீடு!" என்று நடுத்தெருவில் கத்தினேன். பாவம், அவள் பயந்துபோனாள்.

இப்போது தெற்கிலும் சிலர் இரண்டு நாடு என்று பேசத் தொடங்கிவிட்டார்களாம். அதுதான் சமாதானத்துக்கு வழி என்கிறார்கள். நானும் அதைத்தானே சொன்னேன்? ஆனாலும் செய்தி வாசிக்கும்போது வாய் தானாக இல்லை, இல்லை என்கிறது. உங்கள் பக்கத்தை இப்போது நான் பேசுகிறேன், மாஸ்ட்ரோ. என் பக்கத்தைப் பேசத்தான் இந்தக் கட்டடத்தில் ஆளில்லை.