மலையேறி ஆறிய புண்

1946 கார்த்திகை 3. தூறல்.

காலை வண்டியில் அரக்கோணம், ஆஸ்பத்திரி. மேகப்புண்ணுக்கு மருந்து என்று மெல்லச் சொன்னேன். டாக்டர் வேட்டியை அவிழ்க்கச் சொன்னார். எனக்கு இல்லை, மகனுக்கு என்பதற்குள் பாதி அவிழ்த்தாயிற்று. பெஞ்சில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆளைக் கூட்டி வரச் சொன்னார். குடை ரயிலோடு போயிற்று.

கார். 4. வெயில்.

மகன் மணி பட்டாளத்திலிருந்து வந்து ஒரு மாதம். தையில் கல்யாணம், ஆர்.கே.பேட்டைப் பெண். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டானாம். மொட்டைத் தலையைத் தடவிக் காட்டுகிறான்.

"மலையேறி வேண்டிகினு முடி குடுத்தேன், ஆறிகினு வருது நைனா. வாலிபத்துல உனக்கு வந்த கட்டியும் அப்டிதான ஆறிச்சுன்னு சொன்ன?"

கட்டி எந்த இடத்தில் என்று நான் அவனிடம் சொன்னதில்லை.

சோறு குழைந்துவிட்டது. மனைவி ராஜம் போன பிறகு ஒரு நாளும் சரியாக வடித்ததில்லை.

கார். 6. மழை.

இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சொன்னது, மறக்காமலிருக்க:

புண் தானாகவே ஆறும். மொட்டை போட்டாலும் ஆறும், போடாவிட்டாலும் ஆறும். நோய் மட்டும் இரத்தத்தில் இருக்கும்.

கட்டினவளுக்கு ஒட்டும். அவளுக்கே தெரியாது. பிள்ளை வயிற்றிலேயே போகலாம்.

பெனிசிலின் என்று புது ஊசி. எட்டு நாள் அங்கேயே படுக்கை. பிறகும் இரத்தம் பார்த்து, அவர் சரி என்ற பிறகே கல்யாணம். வெளிச் சகவாசம் கூடாது. மீறுகிறவன் ரப்பர் உறையாவது போடட்டும். (இதை உரக்கச் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.)

கார். 7.

ஆர்.கே.பேட்டை. பெண்ணின் அப்பாவிடம் மணிக்கு இரத்தத்தில் நோய், ஒட்டும், குணமானதும் கட்டலாம் என்றேன். பாதி புரிந்திருக்கும்.

"ஆங், தள்ளி வெச்சிக்கலாங்க. மறைச்சிக் கட்டாம வந்து சொன்னீங்களே, அதுவே பெரிசு."

காபி கொடுத்தார்.

கார். 8. மழை.

மணியைப் படுக்கையில் சேர்த்தேன். டாக்டரிடம் தனியாக, எனக்கும் இரத்தம் எடுங்கள் என்றேன். இம்முறை அவிழ்க்கச் சொல்லவில்லை. எத்தனை வருஷம் முன் என்றார். என் கல்யாணத்துக்கு முந்தின ஆடி என்றேன். எழுதிக்கொண்டார்.

புறப்படும்போது மணி கையைப் பிடித்தான்.

"எனக்கு முன்னாடி ரெண்டு புள்ளைங்க அம்மாவுக்குத் தங்கலியே. அது ஏன் நைனா?"

வண்டிக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

வீட்டில் ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போடுவது, தெரியவில்லை. ராஜம் சாகிறவரை கிருத்திகை தவறாமல் மலையேறித் தன் வயிற்றைத்தான் திட்டினாள்.

உன் வயிறு இல்லடி. நான்.