வாளியில் மிஞ்சிய ஒற்றைப் புழு

மாப்ளே,

இன்று காலை பெயிண்ட் வாளியின் மூடியைத் திறந்ததும் அழுகல் வாடை முகத்தில் அடித்தது. நீ வளர்த்த வண்டுப் புழுக்கள் நான்கும் மேலே வந்து கிடந்தன. "மேல வந்து படுத்துச்சுன்னா கீழ என்னமோ சரியில்லன்னு அர்த்தம்" என்பாய். மூன்று கறுத்துத் தொளதொளவென்று ஆகியிருந்தன. ஒன்று மட்டும் தொட்டதும் மெல்லச் சுருண்டது.

போடிமெட்டுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவனுக்கு எதற்கடா இந்த வேலை என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! மலை வளைவில் கிடந்த கொம்பு வண்டு ஜோடியைச் சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக் கொண்டுவந்தவன் நீ. அது முட்டை வைத்த அன்று என் பூச்சிமருந்துக் கடைக்கே ஓடி வந்து, "வெரசா வா மாப்ளே, பிள்ளை பெத்திருக்கு!" என்று கத்தினாய். கடையில் நின்றவர்கள் உன் மனைவிக்குத்தான் என்று நினைத்து உனக்குக் கை கொடுத்தார்கள். "தென்னந்தோப்புக்காரன் பாத்தான், ரெண்டு பேரையும் மரத்துல கட்டி உதைப்பான்டா" என்றேன். தென்னங்குருத்தைத் துளைக்கிற வண்டு அது. அதைக் கொல்ல மருந்து விற்றுப் பிழைக்கிறவன் நான்.

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அப்படிப்பட்ட என்னிடமே வாளியைக் கொடுத்தாய். "ஒரு மாசந்தான். தோண்டித் தோண்டிப் பாக்காத. திங்கிற கட்டை தீந்துச்சுன்னா நல்லா மக்குனதாப் போடு." எங்கிருந்து அள்ளி வருவாய் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீயும் திரும்பி வரவில்லை.

போன வாரம் கட்டையெல்லாம் தின்று தீர்ந்து, வாளியில் வெறும் புழுக்கையாகக் கிடந்தது. மலையில் தெரிந்த ஏலத்தோட்டத்துக்குப் போய், மக்கிய மரத்தூர் ஒன்றை உடைத்து ஒரு சாக்கு அள்ளி வந்து போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

இன்று பத்து மணிக்கு அதே தோட்டத்துக் கங்காணி கடைக்கு வந்தார்.

"அண்ணே, போன மாசம் வேர்ப்புழுவுக்குக் குடுத்தீங்களே, அந்த மருந்து நல்லாக் கேட்டுச்சு. தோட்டம் பூரா ஊத்துனோம், ஒரு புழு இல்ல. இன்னொரு தடவைக்கு எடுத்துக் குடுங்க."

நான் விற்ற மருந்து, என் கையால் எடுத்துக் கொடுத்தது. அந்தத் தூரிலும் அது ஊறியிருக்கும் என்று இருபது வருடமாக இதே சோலி பார்க்கிற மடையனுக்குத் தோன்றவில்லையே! அவருக்கு மருந்தைக் கொடுத்துத்தான் அனுப்பினேன். வேறென்ன செய்ய?

மிஞ்சிய ஒன்றைக் கழுவலாமா, பட்டினி போடலாமா, வேறு மண்ணில் விடலாமா? ஒரு எழவும் தெரியவில்லை. பழக்கத்தில் உன் நம்பரை அழுத்திவிட்டேன். உன் மனைவி எடுத்தாள்.

"என்னண்ணே, புழுவெல்லாம் நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா."

"கடைசி ரெண்டு நாளும் அதையேதாண்ணே சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. 'அவன்கிட்ட இருக்கு, பயமில்ல'ன்னு."

போனை வைத்துவிட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். அந்த ஒன்றை இப்போது ஈரச் சாக்கில் வைத்திருக்கிறேன். தொட்டால் சுருள்கிறது, காலையில் சுருண்டதைவிடத் தாமதமாக.

அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லாமலே நீ போயிருக்கலாம் மாப்ளே. அதை எங்கே இறக்கி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.