பேய்க்குத் தலை பின்னிய காட்சி

மச்சாள்,

இன்று காலை மகள் தன் கைபேசியில் அந்தப் பேய்ப் படத்தைத் தேடிப் பிடித்துத் தந்தாள். எங்களை வயிறு நோகச் சிரிக்க வைத்த அதே படம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் பார்த்தேன். பாதியில் நான் போட்ட கூச்சலில் பிள்ளை பயந்தே போனாள். முப்பது வருடம் கழித்துப் பிடிபட்டுவிட்டீர் மச்சாள்.

மின்சாரம் இல்லாத காலம் அது. நீர்வேலியில் உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்து இரண்டு மாதம். கேட்டதற்கு 'ஓம்', 'இல்லை' என்பதற்கு மேல் நான் வாய் திறந்ததில்லை. அன்று உம்முடைய அண்ணை சுன்னாகத்திலிருந்து ரீவி, படம் போடும் டெக், ஜெனரேற்றர் எல்லாம் ஒரு நாள் வாடகைக்குக் கொண்டுவந்தார். கூட வந்தது ஒரேயொரு கசற். படம் பாதி ஓடியபோது டெக் அதன் நாடாவைக் கடித்துவிட்டது.

"ஒருதரும் தொடாதையுங்கோ, நான் பாக்கிறன்" என்று கசற்றுடன் அறைக்குள் போனீர். பத்து நிமிடத்தில் சரிசெய்து கொண்டுவந்தீர். முதலிலிருந்து ஓடவிட்டோம்.

மூன்றாம் முறை ஓடியபோதுதான் எங்கள் இருவருக்கும் பிழை பிடிக்கும் போட்டி. தோற்றவர் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், தேங்காய்ச் சம்பல் அரைக்க வேண்டும். பேய்க்கு நிழல் விழுகிறது என்றீர். செத்தவளின் கையில் மணிக்கூடு ஓடுகிறது என்றீர். கதாநாயகன் குலை வெட்டிய அதே வாழையில், அடுத்த காட்சியில் பேய் குலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"குலை வெட்டின வாழை திரும்பக் குலை போடுமே?" என்று கேட்டது நான்தான். வாழைத்தோட்டக்கார வீடு அல்லவா, மாமாவே விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பிறகு எனக்கு வாய் அடங்கவில்லை. ஆளுக்கு ஒன்பது பிழை என்று சமமாக நின்றபோது பேய் தலைவிரி கோலமாக வீட்டுக்குள் வந்தது. திரையில் ஒரு கோடு ஓடியது. மறுகணம் பேய்க்கு ஒற்றைப் பின்னல், அதில் மல்லிகைப் பூ.

"மச்சாள், பின்னல்" என்று கத்திவிட்டேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தீர். "ஓம், உதை நான் காணேல்லை. நீர்தான் வெண்டிட்டீர்."

இன்று முழுப் படத்தையும் பார்த்தேன். அந்த இடத்தில் அரை நிமிடக் காட்சி ஒன்று இருக்கிறது. மாமியார்க்காரி யாரோ சொந்தக்காரப் பெட்டை என்று நினைத்துப் பேயை உட்கார வைத்து, தலை வாரிப் பின்னிப் பூ வைக்கிறாள். படத்தில் பிழையே இல்லை. கசங்கிய நாடாவை வெட்டி ஒட்டியது நீர்.

வாடகைக் கசற்றை வெட்டியது அண்ணைக்குத் தெரியக்கூடாது என்றுதான் பேசாமல் இருந்தீரோ? அப்படியும் இருக்கும், நீர் லேசுப்பட்ட ஆளில்லை. ஆனால் அந்த ஒரு கிழமையும் நீர் முணுமுணுக்காமல் அம்மியில் அரைத்தீர். நான் பக்கத்தில் குந்தியிருந்து ஓயாமல் கதைத்தேன். உங்கள் வீடு எனக்கும் வீடாகியது அந்தக் கிழமைதான்.

இப்போதும் எந்தப் படம் பார்த்தாலும் பிழை கண்டவுடன் பக்கத்தில் திரும்புகிறேன், உம்மிடம் சொல்ல. நாளைக்கு நீர் வரும்போது சம்பல் என் முறை மச்சாள். மிக்சி வேண்டாம், கையாலேயே அரைக்கிறேன்.