எட்டாவது அளவு வரை

அக்டோபர் 7, செவ்வாய்

இரண்டு கிராம் எடையைக் கொக்கியில் தொங்கவிட்டேன். கருவி இரண்டு கிராம் என்றது. இன்றைக்கு நடந்ததில் சொல்லும்படியானது இது ஒன்றுதான்.

ஐந்தாம் ஆண்டு ஆரம்பித்துவிட்டது. மருந்தியலில் நான்கு வருடத்தோடு நிறுத்திக்கொண்டால் இளநிலைப் பட்டம். ஐந்தாவதையும் முடித்தால் நேராக முதுநிலை. என் ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் இஸபெல் அறைக்குக் கூப்பிட்டார்.

"அவசரமே இல்ல கிரெகர். ஜனவரி முப்பது வரைக்கும் டைம் இருக்கு. போறேன்னு சொன்னா நாலு வருஷப் பட்டம் கைல. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

போவதற்கும் காரணம் தோன்றவில்லை, இருப்பதற்கும் தோன்றவில்லை. அதனால் லேபுக்குப் போய் எடையைத் தொங்கவிட்டேன். படிக்க வருமுன் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளில் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் நான். இந்த வேலைக்கு மனசு தேவையில்லை, கை போதும்.

தலைப்பை மாற்றிக்கொள்கிறாயா என்றும் கேட்டார். நோய்த்தொற்று வந்த உடம்பில் இரத்தக்குழாய்கள் நோர்அட்ரினலின் மருந்துக்கு ஏன் இறுகுவதில்லை — இதுதான் தலைப்பு. மார்ச் மாதம் நானே எடுத்தது. கருவி பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஏப்ரலில் மோர்வன் —

மாற்ற வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

ரொவி ரொட்டி ஒன்று தின்றேன், நின்றபடியே.

அக்டோபர் 12, ஞாயிறு

மாமனார் டேவி பீட்டர்ஹெட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார், கையில் ஹாடக் மீன். மீன் சந்தையில் காலமெல்லாம் ஏலம் கூவியவர். வீட்டுக்குள் வந்தால் குரலே எழும்பாது. மாவில் புரட்டி அவரே பொரித்தார். வாணலி எங்கே, எண்ணெய் எங்கே என்று என்னைக் கேட்கவில்லை. அவர் வீட்டில் இருக்கும் இடத்திலேயே இங்கேயும் இருக்கிறது. மகள் வைத்தது.

"வீட்டுக்குள்ள என்னப்பா இவ்வளவு குளிரு? ஹீட்டர் போடலையா?"

"மறந்துட்டேன், மாமா."

"மறக்குற குளிரா இது!"

கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டார். கிளம்பும்போது கதவருகில் நின்றார்.

"நீ மருந்து படிக்கிறவன். நான் மீன் வித்தவன். ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. பிரஷருக்குன்னு ஒரு மருந்தை ஏத்திக்கிட்டே இருந்தாங்களே. அவளுக்கு மட்டும் ஏன்பா அது வேலை செய்யல? கம்மியா குடுத்துட்டாங்களா?"

"தெரியல மாமா."

'உனக்கே தெரியலையா' என்று அவர் கேட்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 13, திங்கள்

எழுதிவிடுகிறேன். மோர்வன், என் மனைவி, இருபத்தொன்பது வயது, சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். காய்ச்சல் என்று படுத்தாள். நிமோனியா என்றார்கள். பிறகு கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பம்ப் வழியாக நோர்அட்ரினலின். நர்ஸ் அளவை ஏற்றுவார், நான் திரையைப் பார்ப்பேன். மறுபடி ஏற்றுவார்.

எந்த மருந்துக்கும் ஒரு கோடு உண்டு. அளவு கூடக்கூட விளைவும் மேலே ஏறும், ஓரிடத்தில் போய் நிற்கும். முதல் வருடமே வரையக் கற்றுத்தருவார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டை மனசுக்குள் வரைந்துகொண்டிருந்தேன். அது எழும்பவே இல்லை. படுத்தே கிடந்தது.

கைய புடிச்சுக்கிட்டு கோடு வரைஞ்சிருக்கேன். எவனாவது செய்வானா இதை.

அக்டோபர் 23, வியாழன்

ஆய்வில் எனக்கு ஜோடி எய்லி. இருபத்தொரு வயது, ஃப்ரேசர்பரோக்காரி, வாய் ஓயாது. முப்பத்தொன்றான என்னைப் 'பெரிசு' என்றுதான் கூப்பிடுவாள்.

வேலை இதுதான். எலியின் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள், நூல் தடிமன்தான் இருக்கும். மாலையில் எய்லி சிலவற்றை வெறும் உப்புக்கரைசலிலும் சிலவற்றைக் கிருமியின் நச்சு கலந்த கரைசலிலும் ஊறவைப்பாள். கிண்ணத்தின் மேல் ஒரு வண்ணப் பொட்டு மட்டும் இருக்கும். எந்தப் பொட்டு எது என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கணக்கு முடியும்வரை அவள் சொல்லவும் கூடாது. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

காலையில் நான் அவற்றை இரண்டு மெல்லிய கம்பிகளில் மாட்டுவேன். முதலில் பொட்டாசியம். அதற்கு இறுகினால் குழாய்க்கு உயிர் இருக்கிறது. இறுகாவிட்டால் மாட்டும்போது கிழித்துவிட்டேன் என்று அர்த்தம், ஒதுக்கலாம். அப்புறம் கழுவிவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, நோர்அட்ரினலின். ஒன்றைவிட ஒன்று கூடுதலாக எட்டு அளவுகள்.

இன்று உப்புக்கரைசலில் காஸ் விடாமலே கால்சியத்தைக் கொட்டிவிட்டேன். கரைசல் வெள்ளையாகக் கலங்கிப்போனது. முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற தப்பு.

"என்ன பெரிசு, டீக்குப் பால் ஊத்திட்டியா?"

நான் சிரிக்கவில்லை. எய்லியின் முகம் சுருங்கிவிட்டது. "சாரி" என்றாள். எதற்கு சாரி? ஜோக் நன்றாகத்தான் இருந்தது. காதில் விழுந்தது, புரிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டு குழாய்கள் ஒதுக்கப்பட்டன. காரணம்: மாட்டும்போது சேதம்.

நவம்பர் 13, வியாழன்

இன்று மூன்று. எய்லி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதையும் தூக்கிப் போட்டுட்டியா?"

"கிழிஞ்சிருச்சு."

"பொட்டாசியத்துக்கு இறுகுச்சே? நான் பார்த்தேனே."

"அதுக்கப்புறம் கிழிஞ்சிருக்கும்."

"அதுக்கப்புறம் எப்படிக் கிழியும்? செத்த எலி எழுந்து வந்து கிழிச்சுட்டுப் போச்சா?"

இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தொட்டிக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் திரும்பக் கழுவினாள்.

நவம்பர் 18, செவ்வாய்

இஸபெல் கூப்பிட்டார். நான் ஒதுக்கிய பதிவுகளையெல்லாம் திரையில் வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்.

"எந்தப் பொட்டு எதுன்னு எய்லி எங்கிட்டகூட சொல்லல. 'அவரு ஒதுக்கினதை மட்டும் ஒரு தடவை பாருங்க'ன்னா. சொல்லிட்டு அழுதா."

பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பொட்டாசியத்துக்கு அழகான மேடு. பிறகு நோர்அட்ரினலின். முதல் அளவு, இரண்டாவது, மூன்றாவது. கோடு அசையவில்லை. அத்தோடு பதிவே முடிந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் அங்கேயே.

"மூணாவதுல நிறுத்தியிருக்க. ஏன்?"

"செத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

"சாகல, கிரெகர். பொட்டாசியத்துக்கு எப்படி எழுந்துச்சு பாரு. நோர்அட்ரினலினுக்கு மட்டும்தான் பதில் சொல்லல. நீ தேடி வந்ததே அதைத்தானே."

இத்தனை வாரமாக என் ஆய்வைக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன். கோடு படுத்தால் போதும், கை தானாக ஸ்விட்சுக்குப் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. நிஜமாவே தெரியாதா?

பாதியில் நின்றவை கணக்கில் சேராது. ஏன் நின்றன என்பதை ஆய்வறிக்கையில் ஒளிக்காமல் எழுத வேண்டும். திரும்ப முதலிலிருந்து. "இல்லன்னா அந்த இன்னொரு வழி இருக்கு. அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல" என்றார். நல்லவர். அவர் அப்படி நல்லவராக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 19, புதன்

போகவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

போவதா இருப்பதா என்று இஸபெலுக்கு ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். 'போகிறேன்' என்று எழுதினேன். அனுப்பும் முன்னால் எய்லி கதவைத் தட்டினாள். கடல்மூடுபனியில் முடியெல்லாம் நனைந்திருந்தது. கையில் ரொவி பொட்டலம்.

"கோவமா பெரிசு?"

"உன் மேல எதுக்கு?"

"எனக்குச் சொல்லவும் கூடாது, பார்த்துக்கிட்டு இருக்கவும் முடியல. நீ ஒவ்வொரு தடவையும் கரெக்டா அந்த —" சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "பாத்தியா, உளறப் பார்த்தேன்!"

"சொல்லிடாத."

"சத்தியமா மாட்டேன். நீ எட்டாவது வரைக்கும் போ. நான் பக்கத்துல உட்காந்திருக்கேன். கை ஸ்விட்சுக்குப் போச்சுன்னா ஸ்கேலால ஒண்ணு போடுவேன்."

எழுதிய வரி அப்படியே கிடக்கிறது. அழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. ரொவி சூடாக இருந்தது. உட்கார்ந்து தின்றேன்.

நவம்பர் 27, வியாழன்

மஞ்சள் பொட்டு. பொட்டாசியத்துக்கு நன்றாக இறுகியது. கழுவினேன், அடங்கியது. முதல் அளவு. இரண்டு. மூன்று. ஒன்றுமில்லை. நான்கு. ஐந்தில் கை போய்விட்டது. எய்லி நிஜமாகவே ஸ்கேல் கொண்டுவந்திருந்தாள். வலித்தது.

ஆறு. ஏழு.

போதும்னு சொன்னது நான்தான். ஏப்ரல்ல. டாக்டர் தனியா கூப்பிட்டு, இனிமே ஏத்தி பிரயோஜனம் இல்ல, நிறுத்திடலாமான்னு கேட்டார். நான் தலையாட்டினேன். இன்னும் ஒரு அளவு, இன்னும் ஒண்ணே ஒண்ணு ஏத்தியிருந்தா? யாருகிட்டயும் கேக்கல நான் இதை. எங்கிட்டகூட.

எட்டு.

எட்டாவதிலும் கோடு படுத்தேதான் இருந்தது.

எலியின் குழாய்தான், அவள் இல்லை. தெரியும். ஆனாலும் கடைசிவரை பார்த்துவிட்டேன்.

திட்டப்படி அடுத்து இன்னொரு மருந்து. நச்சு பட்ட குழாய் தானே ஒரு வாயுவைச் சுரந்து தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. இந்த மருந்து அதைத் தடுக்கும். போட்டுவிட்டுக் காத்திருந்தோம். கோடு மெல்ல, மிக மெல்ல, எழுந்தது. அதுவரைக்கும் உள்ளே இருந்த நோர்அட்ரினலின்தான். இப்போதுதான் அது குழாய்க்குக் கேட்டிருக்கிறது.

எய்லி ஏதோ சொல்ல வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ வாங்கிட்டு வரேன்" என்று வெளியே போனாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. வேண்டுமென்றே ஆறவிட்டிருப்பாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

பீட்டர்ஹெட்டுக்கு நானே போனேன். துறைமுகத்தில் காற்று ஆளைத் தள்ளியது. டேவி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்து நின்றவரின் முதுகிடம்தான் சொன்னேன். அப்படித்தான் சொல்ல வந்தது.

"மாமா, அன்னிக்குக் கேட்டீங்களே. கம்மியா குடுக்கல. தேவையான அளவு குடுத்தாங்க, அதுக்கு மேலயும் குடுத்தாங்க. மருந்து உள்ள போச்சு. குழாய்க்குத்தான் அது கேக்கல. அந்த நோய் அப்படிப் பண்ணிடுது. லேபுல என் கண்ணால பார்த்தேன்."

"கேக்க வைக்க முடியாதா?"

"எலிக் குழாயில முடியுது. மனுஷங்களுக்கும் அந்த மாதிரி மருந்தை ஒரு காலத்துல குடுத்துப் பார்த்திருக்காங்க. பிரஷர் ஏறுச்சு. ஆனா செத்தவங்க அதிகமாயிட்டாங்க. அதனால விட்டுட்டாங்க."

மீனைத் திருப்பிப் போட்டார்.

"நாம லேட்டா கூட்டிட்டுப் போனோமா?"

"அது எனக்குத் தெரியல மாமா. தெரிஞ்சதை மட்டும்தான் சொல்றேன்."

தலையசைத்தார்.

"நிறுத்தலாம்னு சொன்னது நான்."

"தெரியும்."

"எப்படி?"

"கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். நீ தலையாட்டினதைப் பார்த்தேன்." அடுப்பை அணைத்தார். திரும்பவில்லை. "நீ ஆட்டலைன்னா என்னைத்தான் கேட்டிருப்பாங்க. என்னால ஆகியிருக்காதுப்பா. சந்தையில அத்தனை பேரு முன்னாடி கத்தினவன் நான். அன்னிக்கு ஒரு தலையை ஆட்ட என்னால ஆகியிருக்காது."

பிறகு தட்டை என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு. ஆறுனா நல்லா இருக்காது."

டிசம்பர் 9, செவ்வாய்

நீலப் பொட்டு. எட்டு வரை. அழகாக ஏறியது.

டிசம்பர் 18, வியாழன்

மஞ்சள். எட்டு வரை. படுத்தே இருந்தது. ஏற்கப்பட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

முதல் தொகுதி கணக்கு முடிந்தது. இஸபெல் முன்னிலையில் எய்லி ரகசியத்தை உடைத்தாள்: மஞ்சள்தான் நச்சு.

"எதிர்பார்த்ததுதான்" என்றேன்.

"எதிர்பார்த்தியா! மூணு மாசம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கேன் பெரிசு. எங்க ஊர்ல போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஐயோன்னு கொஞ்சம் நடிக்கவாவது செய்."

"ஐயோ."

"தூ, நடிப்பும் வரல."

பிப்ரவரி 2, திங்கள்

கரைசல் பால் வெள்ளையாக இருந்தது. இந்தத் தடவை எய்லி.

"டீக்கா?" என்றேன். ஈரத்துணியை உருட்டி என் மேல் எறிந்தாள். இருவரும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தோம்.

மத்தியானம் திடீரென்று கேட்டாள். "ஆமா, உன் கெடு போன வெள்ளிக்கிழமைதானே? இஸபெல்கிட்ட என்ன சொன்ன?"

"என்ன கெடு?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. ஜனவரி முப்பது. அன்று ஒரு குழாய் கழுவிய பிறகும் அடங்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. அவசரப்படுத்தக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது அடங்கி, எட்டும் முடியும்போது கட்டடமே காலியாகிவிட்டது. வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை.

அந்தப் பழைய வரி இன்னும் கிடந்தது. அழித்துவிட்டேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே விரல் விறைக்கிறது. என்ன குளிரு இது! எழுந்து போய் ஹீட்டரைப் போட்டேன்.